மஞ்சள் பொட்டலத்தை நான் நிறுத்தினேன்

இளம் டாக்டர்களே, உங்களில் பாதிப் பேர் போலி வைத்தியர்களை ஒழித்துக் கட்டும் கோபத்தோடுதான் கிராமத்து வேலைக்கு வந்திருப்பீர்கள். அந்தக் கோபம் தேவைதான். எனக்கும் இருந்தது, எழுபது வயதைத் தாண்டிய பிறகும் இருக்கிறது. ஆனால் அதே கோபத்தால் நான் ஒரு பெண்ணைக் கிட்டத்தட்டக் கொன்றேன். நாளமில்லாச் சுரப்பிகளைப் பற்றிப் பரீட்சைக்குப் படித்ததெல்லாம் உங்களுக்கு மறந்து போகலாம். இது மறக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு என்னை அனுப்பினார்கள். எனக்கு இருபத்தாறு வயது. படித்து முடித்த திமிர் கொஞ்சமும் இறங்கவில்லை. அங்கே எனக்கு முன்பே பதினைந்து வருடம் வேலை பார்த்த ஒரு நர்ஸ் இருந்தார். எல்லாரும் அவரைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அதிகம் பேச மாட்டார். அவர் பேசும்போது நான் கேட்க மாட்டேன். எங்கள் இருவருக்கும் அப்படித்தான் ஒத்துப்போனது.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு முழங்கால் போகும், இடுப்பு போகும். நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் நின்று பலகையால் உப்பு வார வேண்டும். பாதத்தில் சின்னக் கீறல் விழுந்தாலும் ஆறாது. வந்த முதல் மாதத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். முழங்கால் வலிக்கு நான் கொடுத்த ஆஸ்பிரினை மரியாதைக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டு, யாரும் அடுத்த வாரம் வரவில்லை. விசாரித்தால், சந்தைப் பக்கம் ஏழுமலை என்று ஒருவர் இருக்கிறார், மஞ்சள் பொட்டலம் தருகிறார், காலையில் ஒன்று போட்டுக்கொண்டால் சாயந்திரம் வரைக்கும் வலி தெரியாது என்றார்கள். ஏழுமலை சென்னையில் ஒரு டாக்டர் வீட்டில் எடுபிடியாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். மாத்திரைகளைப் பொடித்து, மஞ்சள் நிற வைட்டமின் மாத்திரைப் பொடியோடு கலந்து, செய்தித்தாள் துண்டில் மடித்துக் கொடுப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குகிறவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நான் என்ன செய்தேன் என்றால், ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து என் மேஜை பக்கத்தில் வைத்தேன். "மஞ்சள் பொட்டலம் வைத்திருப்பவர்கள் இதில் போட்டால்தான் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டேன். பயந்துபோய்ப் போட்டார்கள். சிலர் வீட்டுக்குப் போய் மிச்சத்தையும் எடுத்து வந்து போட்டார்கள். அந்த மஞ்சள் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல இன்று வெட்கமாக இருக்கிறது. அதோடும் நிற்கவில்லை. சந்தை நாளில் ஏழுமலையைத் தேடிப் போய், நாலு பேர் பார்க்க, "இன்னொரு பொட்டலம் உன் கையில் பார்த்தேன், போலீஸோடு வருவேன்" என்று கத்தினேன். குண்டு முகம், ஒட்டிய கைகால், லேசாக மூச்சு இரைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பேசாதே" என்றேன்.

அன்று சாயந்திரம் சிஸ்டர் கேட்டார். "டாக்டர், ரெண்டு வருஷம் மூணு வருஷமா சாப்புடறாங்க. அதுல இன்னா இருக்குதுன்னு அந்தாளைக் கேட்டுட்டு ஊத்தியிருக்கலாமே?"

"விஷத்துக்குச் சமையல் குறிப்பு எதுக்கு சிஸ்டர்?" என்றேன். எனக்கே என் பதில் ரொம்பப் பிடித்திருந்தது.

இருபது நாள் கழித்து, ஆவணி வெயிலில், காலை பதினோரு மணி இருக்கும், அஞ்சலையை உப்பு வண்டியில் போட்டுக் கொண்டு வந்தார்கள். நாற்பது வயது உப்பளத் தொழிலாளி. வாளியில் முதல் ஆளாகப் பொட்டலம் போட்டவள். கூடவே அவள் தங்கை தனம் வந்தாள். அக்காளும் தங்கையும் ஒரே உப்பளத்தில் வேலை. இரண்டு நாளாக வாந்தி, காய்ச்சல், காலையில் எழுந்து நிற்கப் போய் அப்படியே விழுந்துவிட்டாள் என்றாள் தனம்.

வெயிலில் மயங்கி விழுகிறவர்கள் எங்களுக்குப் புதிதில்லை. இரண்டு பாட்டில் சலைன் ஏறினால் எழுந்து உட்கார்ந்து வெற்றிலை கேட்பார்கள். அப்படித்தான் நினைத்து ஏற்றினேன். காலில் சீழ் பிடித்த புண் இருந்தது, அதற்குப் பென்சிலின் போட்டேன். குளுக்கோஸும் கொடுத்தேன். வரும்போது எழுபது இருந்த இரத்த அழுத்தம், இரண்டாவது பாட்டில் முடியும்போது அறுபதுக்கு வந்திருந்தது. மூன்றாவது பாட்டிலை மாட்டினேன். கை சில்லிட்டிருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

சுகாதார நிலையத்து ஜீப் மாவட்டத் தலைநகருக்குப் போயிருந்தது. திண்டிவனம் வரைக்கும் வண்டியில் அனுப்பினால் வழியிலேயே போய்விடுவாள் என்பது எனக்குத் தெரிந்தது. எங்கே தப்பு என்றுதான் தெரியவில்லை. சீழ் விஷமாகி இரத்தத்தில் ஏறிவிட்டதா, வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறதா, இதயமா? ஒவ்வொன்றாக யோசித்து ஒவ்வொன்றாக விட்டேன். அப்போதுதான் தனம் வெடித்தாள்.

"அந்தப் பொட்டலம் இருந்த வரைக்கும் எங்க அக்கா நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க புடுங்கினதுலேர்ந்து எழுந்திருக்க முடியல, சாப்பிட முடியல. இப்ப தண்ணியா ஏத்திக்கினு இருக்கீங்க. நீங்க ஒரு டாக்டரா?"

"வெளியே போ" என்று சொல்லத்தான் திரும்பினேன். திரும்பும்போது என் கண் அஞ்சலையின் கையில் விழுந்தது. ஊசி குத்திய இடத்தைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலமாகக் கன்றியிருந்தது. தோல் வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. கை குச்சி, முகம் மட்டும் தட்டு மாதிரி உருண்டை. வயிற்றில் கருஞ்சிவப்பு வரிகள். முதல் நாள் அவளைப் பார்த்தபோது, உப்பளத்தில் வெந்தும் இவள் மட்டும் எப்படிப் புஷ்டியாக இருக்கிறாள் என்று நினைத்தது ஞாபகம் வந்தது. அது புஷ்டி இல்லை. ஸ்டீராய்டு.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தினமும் கார்ட்டிசால் சுரக்கிறது. காய்ச்சல், காயம், பட்டினி என்று எது வந்தாலும் அதிகமாகச் சுரந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தாங்கிப் பிடிக்கிறது. எவ்வளவு சுரக்க வேண்டும் என்று மூளைக்கு அடியிலிருந்து பிட்யூட்டரி உத்தரவு போடும். அதே சரக்கை ஸ்டீராய்டு மாத்திரையாக வெளியிலிருந்து கொட்டினால், இரத்தத்தில்தான் நிறைய இருக்கிறதே என்று பிட்யூட்டரி உத்தரவை நிறுத்திவிடும். வருடக்கணக்கில் வேலை இல்லாத அட்ரினல் சுருங்கிப்போகும். ஒரு நாள் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால், அது எழுந்து வேலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். நடுவில் ஒரு காலில் சீழ் பிடித்தாலும் போதும், தாங்கிப் பிடிக்க உள்ளே ஆள் கிடையாது.

இதையெல்லாம் நான் பரீட்சையில் நாலு பக்கம் எழுதி மார்க் வாங்கியவள். வாளியை வைத்தபோது ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.

அவசர அலமாரியில் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி மருந்து இரண்டு குப்பி இருந்தது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாமல் யாராவது விழுந்தால் போடுவதற்காக வைத்தது. ஒரு குப்பியை எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். கை போகவில்லை. பொட்டலத்தில் இருந்தது ஸ்டீராய்டு என்று எனக்கு நிச்சயமில்லை. வெறும் வலி மாத்திரையாக இருந்து, வயிறு புண்ணாகி உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தால், இந்த ஊசி அதை இன்னும் மோசமாக்கும். சீழ் பிடித்த உடம்பில் ஸ்டீராய்டு போடாதே என்று எங்களுக்கு அடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஏழுமலையைக் கேட்டுவிட்டு வரலாம் என்றால், போய்வர அரை மணி நேரம். அவர் ஓடிப்போயிருந்தால் அதுவும் வீண்.

"சிஸ்டர், நான் நினைக்கிறது தப்பா இருந்தா?"

சிஸ்டர் நாடியிலிருந்து விரலை எடுக்கவில்லை. "தப்பா இருந்து போட்டா இன்னா ஆகும்? சரியா இருந்து போடாட்டி இன்னா ஆகும்? ரெண்டையும் சொல்லுங்க டாக்டர்."

தப்பாக இருந்து போட்டால், ஒரு குப்பியால் பெரும்பாலும் ஆள் சாகாது. சரியாக இருந்து போடாவிட்டால், இன்னும் ஒரு மணி நேரத்தில் செத்துவிடுவாள். இதை வாய்விட்டுச் சொன்ன பிறகு யோசிக்க ஒன்றும் இல்லை. போட்டேன்.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அழுத்தம் பார்த்தேன். அறுபது. அறுபது. அறுபத்தைந்து என்று நானே ஆசைப்பட்டுப் படித்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் அறுபது. தனம் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அக்காளைப் பார்க்கவில்லை. பிறகு எழுபது. எழுபத்தெட்டு. தொண்ணூறு வந்தபோது சிஸ்டர் நாடியிலிருந்து விரலை எடுத்து முந்தானையில் துடைத்தார். அஞ்சலை கண்ணைத் திறந்து, "தனம், வெல்லம் எதுனா இருக்குதா?" என்று கேட்டாள். பசிக்கிறது என்று அதற்கு அர்த்தம். நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து அழுதேன்.

அழுது முடிப்பதற்குள் இன்னொன்று உறைத்தது. அந்த வாளியில் பொட்டலம் போட்டது அஞ்சலை ஒருத்தி மட்டும் இல்லையே. எத்தனை பேர், யார் யார்? ஒரு பேரைக்கூட நான் எழுதி வைக்கவில்லை. அஞ்சலைக்கே இன்னும் ஒரு குப்பிதான் மிச்சம்.

"ஏழுமலையைப் பார்க்கப் போறேன்" என்றேன்.

"போங்க. கோவமா போகாதீங்க" என்றார் சிஸ்டர். "இப்ப நீங்க கேக்கப் போறீங்க, மெரட்டப் போகல."

சந்தைக்குப் பின்னால் அவர் வீடு. கதவைப் பாதி திறந்து என்னைப் பார்த்ததும், "நான் இப்ப எதுவும் விக்கறதில்லம்மா, சத்தியமா" என்றார்.

"அஞ்சலை சாகக் கிடந்தாள்."

அவர் கேட்ட முதல் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "நிறுத்தி எத்தினி நாளாச்சு?"

"இருபது நாள்."

"மொத்தமாவா நிறுத்தினீங்க? நீங்க கொறைச்சுக் குடுப்பீங்கன்னு இருந்தேனே." என்று அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "அது மொத்தமா நிறுத்தற சரக்கு இல்லம்மா. மழை வந்து உப்பளம் மூடினா வேலை இல்ல, அப்பத்தான் நான் நிறுத்துவேன். அதுவும் ஆவணியிலயே ஆரம்பிச்சுடுவேன். முக்காப் பொட்டலம், அரை, கால், அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஜொரம் வந்துச்சுன்னா திரும்ப முழுசா குடுப்பேன். எறங்கறப்ப ஒவ்வொரு படியா எறங்கணும்."

"யார் சொல்லிக் கொடுத்தது?"

"யாரு சொல்வாங்க? மொதோ வருஷம் மழை வந்ததும் எல்லாருக்கும் ஒண்ணா நிறுத்தினேன். ஒருத்தன் வாந்தியெடுத்தே போய்ட்டான்."

மருத்துவக் கல்லூரியில் எனக்குச் சொல்லிக் கொடுத்து நான் மறந்ததை, இந்த ஆள் ஒரு உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டு ஞாபகம் வைத்திருந்தார். கோபம், அவமானம் இரண்டும் ஒன்றாக வந்தது. "இதை ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"எங்கம்மா சொல்ல உட்டீங்க? சந்தையில வாயைத் தொறந்தேன், பேசாதேன்னீங்க."

பொட்டலத்தில் ஐந்து மில்லிகிராம் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை இரண்டு இருந்ததாகச் சொன்னார். வீட்டுக்குள்ளிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். முக்கால்வாசி மாத்திரை இருந்தது. நான் சாக்கடையில் ஊற்றிய அதே மருந்தை அதே ஆளிடம் கை நீட்டி வாங்கினேன். பேர்களைக் கேட்டேன். காகிதம் எதுவும் இல்லை, விரலை மடக்கி மடக்கி இருபத்து மூன்று பேரைச் சொன்னார். யார் எந்த உப்பளம், யாருக்கு எத்தனை வருடம், யாருக்குச் சர்க்கரை இருக்கிறது என்பது வரைக்கும் சொன்னார்.

அவருடைய சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனேன். சுகாதார நிலையத்து டாக்டரம்மா பொட்டலக்காரன் சைக்கிளில் போகிறாள் என்று ஊரே பார்த்தது. மேடு வரும்போதெல்லாம் அவருக்கு மூச்சு இரைத்தது, இறங்கித் தள்ளினோம். உப்பளத்துக்குள் சைக்கிள் போகாது. வெள்ளை வெயிலில், வரப்பு மேல் அவர் முன்னால், நான் பின்னால். அவர் பேர் சொல்லிக் கூப்பிடுவார், கூப்பிட்டவர்கள் பலகையை ஊன்றிக்கொண்டு மெதுவாக வருவார்கள். எல்லாருக்கும் தலைச்சுற்றல், சோர்வு, சாப்பாடு பிடிக்கவில்லை. வெயில் என்று நினைத்துக்கொண்டு யாரும் என்னிடம் வரவில்லை. வந்திருந்தால் நானும் வெயில் என்றுதான் சொல்லியிருப்பேன். கையில் மாத்திரையைக் கொடுத்து, "காய்ச்சல் வந்தால் இரண்டு மடங்கு போட்டுக்கொண்டு உடனே ஓடி வாங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன்.

ஒரு பெண் மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீங்கதானம்மா வாணாம்னீங்க?"

"நான் தெரியாம சொல்லிட்டேன்மா" என்றேன். அந்த மூன்று வார்த்தைக்குள்ள நிம்மதி அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் பயந்த மாதிரி அவள் என்னைத் திட்டவில்லை, மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குப் போனாள்.

பதினெட்டாவது பேர் கோவிந்தன். வீட்டு வாசலில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார், நெற்றியில் பொட்டு இல்லை. "எட்டு நாளாச்சு" என்றார். "வாந்தி நிக்கவே இல்ல. பேதின்னு நெனச்சோம். ரெண்டு நாள்ல போய்ட்டாரு." பிறகு என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "உங்ககிட்டதானம்மா பொட்டலத்தக் குடுத்துட்டு வந்தாரு" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. தெரிந்த ஆளைப் பார்த்ததும் சொல்கிற மாதிரி சொன்னார்.

அது பேதியா, நானா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழி இல்லை. ஏழுமலை பக்கத்தில் நின்று கால் விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் அந்த அம்மாவிடம் என்ன சொன்னேன் என்று எத்தனை தடவை யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. மிச்சம் ஐந்து பேர் இருந்தார்கள். நடந்தோம்.

அடுத்த மாதங்களில் இருபத்திரண்டு பேருக்கும் படிப்படியாகக் குறைத்தோம். அளவு என்னுடையது, ஆட்களை விடாமல் தேடிப் பிடித்து வருவது அவருடைய வேலை. மழை வந்து பாத்திகள் முழுகி, தை பிறந்து, திரும்ப மண் மிதித்துப் பாத்தி கட்ட ஆரம்பித்தபோது கடைசி ஆளும் கால் மாத்திரைக்கு வந்திருந்தாள். அது அஞ்சலை. முகம் வற்றி, கன்ன எலும்பு தெரிந்தது. வலி மட்டும் அப்படியே இருந்தது. "அழகெல்லாம் போச்சே டாக்டரம்மா" என்று என்னையே கேலி செய்தாள்.

அப்போது மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஏழுமலை செய்ததை எழுதினேன், முதல் வருடம் இறந்த ஆளையும் விடவில்லை. உதவி செய்தார் என்பதற்காக அதை மறைக்க முடியாது. நான் செய்ததையும் எழுதினேன், வாளியிலிருந்து கோவிந்தன் வரைக்கும். முதுகுக்குப் பின்னால் அனுப்ப மனம் வரவில்லை. அவரைக் கூப்பிட்டு, சிஸ்டர் முன்னிலையில் படித்துக் காட்டினேன்.

கடைசி வரை கேட்டார். "உங்களப் பத்தியும் எழுதியிருக்கீங்களே" என்றார். பிறகு மேஜையைப் பார்த்தபடி சொன்னார். "ஒண்ணு தப்பும்மா. இருபத்து மூணு பேரு இல்ல. இருபத்து நாலு."

"யாரை விட்டோம்?" என்று பதறி எழுந்துவிட்டேன்.

சிஸ்டர்தான் ஏழுமலையின் முகத்தைக் காட்டிக் கண்ணசைத்தார். அந்தக் குண்டு முகம். ஒட்டிய கைகால். சந்தையில், வாசற்படியில், அத்தனை வரப்பிலும் எனக்கு முன்னால் இரைத்துக்கொண்டு போன மூச்சு. ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆத்திரத்தோடு பார்த்தேன், பிறகு நன்றியோடு பார்த்தேன், டாக்டராக ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"இரைப்புக்குத்தாம்மா. ஆறு வருஷமா போட்டுக்கினு இருக்கேன்" என்றார். "கடுதாசிய அனுப்புங்க, வாணாம்னு சொல்லல. உள்ள வச்சா எனக்கு யாரு கொறைச்சுக் குடுப்பாங்க? அது ஒண்ணுதான் பயமா இருக்குது."

கடிதத்தை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். இரைப்புக்கு வேறு மருந்து எழுதி, பிரெட்னிசலோனைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். இரண்டு தடவை இரைப்பு மிஞ்சி, இறங்கிய படியில் திரும்ப ஏற வேண்டியிருந்தது. ஏழு மாதம் ஆயிற்று. சரியாக ஆவணியில், சிஸ்டர் முன்னால் கடைசிக் கால் மாத்திரையை விழுங்கி, செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார். அதன் பின் ஒரு மாதம் பார்த்தோம். ஒரு காய்ச்சல்கூட வந்து போனது. விழவில்லை.

"இப்ப அந்தக் கடுதாசிய எடுங்கம்மா" என்றார். "நம்பரைத் திருத்தினீங்களா?"

இருபத்து மூன்றை அடித்து இருபத்து நான்கு என்று எழுதிக் காட்டினேன். உறையில் போட்டு ஒட்டினேன். கையில் வைத்துக்கொண்டு எழ மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

"குடுங்க, பஸ் ஸ்டாண்டுப் பக்கம்தான் போறேன். நானே போட்டுடறேன்" என்று கையை நீட்டினார்.

கொடுத்தேன். நானும் சிஸ்டரும் ஜன்னல் வழியாக அவர் சைக்கிள் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வழியில் அவர் கிழித்துப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

கடிதம் போய்ச் சேர்ந்தது. இரண்டு வாரம் கழித்து மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு உத்தரவு வந்தது, முதலில் என் பேருக்குத்தான் வந்தது.